டமாரத்தின் வலது காது

வீட்டில் அவளுக்கு டமாரம் என்று பெயர். வைத்தவன் தம்பி. குளிக்கும்போது வாளியைத் தட்டுவாள், சாப்பிடும்போது தட்டைத் தட்டுவாள், தட்ட ஒன்றும் அகப்படாவிட்டால் தம்பியின் முதுகு இருக்கவே இருக்கிறது. ராக் கச்சேரி எந்த அரங்கில் நடந்தாலும் முதல் வரிசையில், ஆள் உயர ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், அதன் கம்பி வலைமேல் உள்ளங்கையை வைத்தபடி ஓர் இருபத்துமூன்று வயதுப் பெண் நின்றால், அது இவள்தான். அப்போதுதான் பாட்டு எலும்புக்குள் இறங்குமாம். இப்பேர்ப்பட்டவள் வேலை பார்த்த இடம் எது தெரியுமா? காது பரிசோதனை நிலையம்.

சும்மா சீட்டு எழுதும் வேலை அல்ல. பரிசோதனை அறையே அவள் பொறுப்பில்தான் இருந்தது. சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த, கதவே ஒரு சாண் கனமுள்ள சின்ன அறை. உள்ளே வந்தவர் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கையில் ஒரு பொத்தானோடு உட்காருவார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் டமாரம் மெஷினோடு உட்காருவாள். "சத்தம் கேட்டா அழுத்துங்க, கேக்கலைன்னா சும்மா இருங்க." அவ்வளவுதான் விதி. கேட்டதென்றால் பத்துப் படி இறக்குவாள். கேட்கவில்லையென்றால் ஐந்து படி ஏற்றுவாள். இப்படி இறக்கி ஏற்றி, அந்தக் காது எந்தப் புள்ளியில் கைவிரிக்கிறது என்று கண்டுபிடித்துத் தாளில் குறிப்பாள்.

இதில் தில்லுமுல்லு செய்யாத ஆளே கிடையாது. கண்ணாடியில் தெரியும் அவள் கை அசைவைப் பார்த்து அழுத்துகிறவர் ஒருவர். மனைவி பக்கத்தில் இருக்கிறாளே என்ற ரோஷத்தில் சத்தமே இல்லாதபோதும் படபடவென்று அழுத்துகிறவர் இன்னொருவர். "ஐயா, காதால கேளுங்க, கண்ணால கேக்காதீங்க" என்று டமாரம் சிரித்துக்கொண்டே சொல்வாள். மூன்று வருடத்தில் ஒருவர்கூட அவளை ஏமாற்றியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மதிய இடைவேளையில் அறை காலியாகிவிடும். கதவைச் சாத்திக்கொண்டு, மங்கா என்று சொல்லும் ஜப்பான் காதல் சித்திரக்கதைப் புத்தகத்தைப் பின்னட்டையிலிருந்து திறப்பாள். அதை அப்படித்தான் படிக்க வேண்டும். அப்போது அவள் படித்துக்கொண்டிருந்த கதையில் பத்தொன்பது பாகம் ஓடியிருந்தது. அந்தப் பையனும் பெண்ணும் ஒரே வகுப்பு, ஒரே பேருந்து, மழை வந்தால் ஒரே குடை. ஆனால் பத்தொன்பது பாகமாக அவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. "சொல்லித் தொலையேண்டா!" என்று டமாரம் தொண்டை கிழியக் கத்துவாள். பஞ்சுச் சுவர் புண்ணியத்தில் வெளியே ஈ காக்கைக்குக்கூடக் கேட்காது. சத்தத்துக்காக உயிரை விடுகிறவளுக்கு உலகத்திலேயே பிடித்த இடம் சத்தமே இல்லாத அந்த அறைதான். தன் நெஞ்சு துடிப்பது தனக்கே கேட்கும். அந்த அறையை அவள் மனதாரக் காதலித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அவள் உயிராய் நினைத்த நான்கு பேர் குழுவின் கச்சேரி. பச்சை முடிப் பாடகன் மேடை விளிம்புக்கு வந்து குனிந்து கையை நீட்டினான். அவள் விரல்நுனி அவன் விரல்நுனியில் பட்டது. பட்டதா, காற்றா என்று பிறகு தம்பி கேட்டான். பட்டது. மூன்று மணி நேரம் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ஆடிவிட்டு வீட்டுக்கு வந்தாள். அடுத்த சனிக்கிழமை அதே குழுவின் கடைசிக் கச்சேரி. அதற்கும் டிக்கெட் தயார்.

திங்கட்கிழமை காலையில் தம்பி என்னவோ வாயசைத்தான்.

"என்னடா முணுமுணுக்கற?"

"முணுமுணுக்கறனா? மூணு தடவை கத்திட்டேன் அக்கா! டமாரம்னு பேர் வெச்சேன், இப்ப டமாரச் செவிடாவே ஆயிட்டியா?"

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. தினமும் முதல் ஆள் வருவதற்கு முன்னால், மெஷினைத் தன் காதிலேயே மாட்டிப் பார்க்க வேண்டும். நல்ல காதுக்கு மெல்லிய சத்தமும் கேட்டால் மெஷின் சரி. அன்று டமாரம் மாட்டினாள். தடித்த சத்தங்கள் கேட்டன. கொசு பாடுவதுபோன்ற அந்த மெல்லிய 'கீ' மட்டும் வலது பக்கம் வரவே இல்லை. கூட்டினாள். இல்லை. இன்னும் கூட்டினாள். ஊஹூம். ஒரு நொடிகூடத் தன்மேல் சந்தேகம் வரவில்லை அவளுக்கு.

"மேடம், மெஷின் போச்சு. வலது பக்கம் அவுட்" என்றாள் கம்பீரமாக.

மேடம்தான் நிலையத்தின் சொந்தக்காரர், படித்த நிபுணர், அதிகம் பேசாதவர். டமாரத்தின் காது மேல் அவருக்கு அத்தனை நம்பிக்கை. மறுபேச்சில்லாமல் அன்றைக்கு வரவிருந்த ஆறு பேருக்கும் போன் செய்து வேறு நாள் கொடுத்துவிட்டு, மெக்கானிக்கை வரச்சொன்னார்.

மத்தியானம் மெக்கானிக் வந்தான். கண்ணிமை முடி நீளம், பேச்சு குறைவு, ஸ்குரூ டிரைவரைப் பேனாபோல் காதில் செருகியிருந்தான். மங்காவில் கதாநாயகன் நுழைந்தால் காரணமே இல்லாமல் பின்னால் பூப்பூக்கும். இவனுக்குப் பின்னால் பூக்காததுதான் குறை. டமாரம் முதல் பாகம், முதல் அத்தியாயம் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டாள். அவன் மெஷினைத் திறந்தான், மீட்டர் வைத்தான், மூடினான்.

"நேத்து சத்தமான இடத்துக்கு எங்கயாச்சும் போயிருந்தீங்களா?"

"இல்லையே!" என்றாள். கச்சேரியில் கட்டிவிட்ட ஆரஞ்சு நிறப் பட்டை இன்னும் மணிக்கட்டில் இருந்தது. அவன் அதைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். லேசாகச் சிரித்தான். கருவிப் பையை மூடிக்கொண்டு கிளம்பினான்.

அவளுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. மெஷின் நன்றாக இருக்கிறது. போனது தன் காது. ஆனாலும் பார்த்தீர்களா, காட்டிக்கொடுக்காமல் போகிறானே, இவனல்லவா ஆண்பிள்ளை என்று ஒரு பக்கம் உருகினாள். மேடத்திடம் தானே போய்ச் சொல்லிவிடலாமா என்று மூன்று முறை எழுந்தாள், மூன்று முறை உட்கார்ந்தாள். பத்தொன்பது பாகமாக ஒருவனைத் திட்டித் தீர்த்தவளுக்கு ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை.

சாயங்காலம் மெக்கானிக் கொடுத்துவிட்டுப் போன தாளை மேடம் அவள் முன்னால் வைத்தார். முத்து முத்தான கையெழுத்து. 'இயந்திரத்தில் பழுது இல்லை. சோதித்தவரின் காதைச் சோதிக்கவும்.' முதல் பாகம் அத்தோடு முற்றும்.

"நேத்து கச்சேரியா?"

"ஆமா மேடம்."

"ஆறு பேரை வேற நாளுக்கு மாத்தியிருக்கோம்."

"சாரி மேடம்."

"சில சமயம் ரெண்டு நாள்ல தானா தேறிடும். சில சமயம் தேறாது. புதன்கிழமை காலைல நானே உனக்கு டெஸ்ட் பண்றேன். தேறலைன்னா இந்த ரூம் உனக்கு இல்லம்மா. கேக்காத காதை வெச்சுக்கிட்டு அடுத்தவங்க காதைப் பாக்க முடியாது."

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் சாதாரணமாகச் சொன்னதுதான் வலித்தது. செவ்வாய்க்கிழமை லீவு போட்டாள். அன்று முழுக்க டமாரம் வாளியைத் தொடவில்லை, தட்டைத் தொடவில்லை. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். தம்பிக்கே பயம் வந்து, தன் முதுகைக் காட்டி "வேணும்னா தட்டிக்கோ அக்கா" என்றான். அவள் அழுதாள்.

புதன் காலை. மூன்று வருடத்தில் முதல் முறையாகச் சோதிக்கப்படுகிறவளாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். ஹெட்ஃபோன் கனத்தது. பொத்தான் வியர்த்த கையில் வழுக்கியது. மேடம் தன் கையை ஒரு கோப்பால் மறைத்துக்கொண்டார். தடித்த சத்தங்களை எல்லாம் அழுத்தித் தள்ளினாள். பிறகு வலது பக்கம் அந்த மெல்லிய 'கீ' வந்தது. வந்தது! பத்து இறங்கியது. கேட்டது. இன்னும் பத்து. கேட்டதா, கேட்டதுபோல் இருந்ததா?

அங்கேதான் புத்தி கெட்டது. அடுத்த சத்தம் எந்த நொடியில் வரும், எத்தனை படி ஏறும், இறங்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். காது தேவையே இல்லை. மனதுக்குள் தாளம் போட்டுக்கொண்டு, அந்தந்த இடத்தில் கட்டைவிரலை அழுத்தினாள். நடுவில் இரண்டு இடத்தில் வேண்டுமென்றே அழுத்தாமலும் விட்டாள், நம்பும்படி இருக்க வேண்டுமல்லவா! என்ன சாமர்த்தியம்!

கதவு திறந்தது. மேடம் வந்து எதிரே உட்கார்ந்தார்.

"கடைசி ஒரு நிமிஷமா நான் சத்தமே குடுக்கல. ஆஃப் பண்ணி வெச்சிருந்தேன். நீ பதினொரு தடவை அழுத்தியிருக்க."

டமாரம் பொத்தானை மடியில் போட்டாள். கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் அசடு வழிவதை அந்த நாற்காலியில் எத்தனை முறை பார்த்திருப்பாள்! தானும் அதே முழி முழிப்போம் என்று நினைத்ததே இல்லை.

"மறுபடி பண்ணலாம். கண்ணை மூடிக்க. கேட்டா மட்டும் அழுத்து."

மூடினாள். இந்த முறை தாளம் போடவில்லை. நெஞ்சு துடிப்பது கேட்டது. அதற்கும் அப்பால், தூரத்தில், நூல் இழைபோல அந்த 'கீ'. இறங்கியது. இன்னும் இறங்கியது. கடைசிப் படிவரை கேட்டது.

மேடம் தாளைத் திருப்பிக் காட்டினார். புள்ளிகள் எல்லாம் பழையபடி ஒரே வரிசையில் நின்றன.

"காது முழுசா தேறிடுச்சு. ஒரு குறையும் இல்ல. பேசாம உக்காந்து கேட்டிருந்தாலே போதும்மா."

டமாரத்துக்குச் சந்தோஷப்படுவதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. வெட்கத்தில் காது மடல் சுட்டது.

"சனிக்கிழமை போகாதன்னு சொன்னா போகாம இருப்பியா?"

"இல்ல மேடம். போயிடுவேன்." அதையாவது உண்மையாகச் சொன்னாள்.

"தெரியும். திரும்பி உக்காரு, அச்சு எடுக்கறேன்."

ஆலைத் தொழிலாளர்களுக்கு அளவெடுத்துச் செய்வதுபோல, கச்சேரியில் போட்டுக்கொள்ள அவளுக்கும் ஒரு காதடைப்பான்; அதற்குத்தான் அச்சு. மேடம் இரண்டு நிறப் பசையைப் பிசைந்து, குழலில் அடைத்து, அவளுடைய இரண்டு காதுக்குள்ளும் செலுத்தினார். இறுக ஐந்து நிமிடம் ஆகும். உலகம் அப்படியே அடைபட்டுப் போனது. மேடம் எதிரில் உட்கார்ந்து ஏதோ பேசினார். உதடு மட்டும் அசைந்தது. மன்னித்துவிட்டார், புத்திமதி சொல்கிறார் என்று டமாரம் புரிந்துகொண்டாள். இந்த நேரத்தில் "கேக்கல" என்று சொல்லி நல்ல மனதைக் கெடுப்பானேன்? பல்லெல்லாம் தெரியச் சிரித்துத் தலையாட்டினாள். மேடம் இன்னொன்று கேட்டார். அதற்கு இன்னும் பலமாக ஆட்டினாள்.

பசை இறுகியதும் மேடம் அச்சை வெளியே எடுத்தார்.

"நான் என்ன கேட்டேன், சொல்லு."

டமாரம் காது மடலைத் தடவிக்கொண்டே அசட்டுச் சிரிப்புச் சிரித்தாள்.

"முதல்ல, ஒரு மாசத்துக்கு இந்த ரூம் வேண்டாம், முன்னாடி மேசைல உக்காரறியான்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே சரின்னுட்ட."

"மேடம்..."

"அடுத்து, சனிக்கிழமை நானும் கூட வரட்டுமான்னு கேட்டேன். அப்பா, என்னா ஆட்டு ஆட்டின! எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"மேடம், அங்க உக்கார இடமெல்லாம் இருக்காது. எல்லாரும் இடிப்பாங்க, கத்துவாங்க..."

"பரவால்ல, நிக்கறேன். சத்தம் அளக்கற மீட்டரைக் கொண்டு வர்றேன். அந்த ஸ்பீக்கர் கிட்ட எவ்வளவுதான் இருக்குன்னு பாத்துடலாம். நீ எங்க நிப்பியோ அங்கயேதான் நானும். சரியா?"

டமாரம் இந்த முறை நன்றாகக் கேட்டுக்கொண்டேதான் தலையாட்டினாள். வேறு வழி?