நூற்று முப்பத்தைந்து டிகிரிக் கொக்கி

மண்டி மொஹல்லாக் கடையில் கோணமானி கேட்டபோது, பிள்ளை என்ன படிக்கிறது என்று ஆறுமுகசாமியிடம் விசாரித்தார்கள். "ஏழாவதுங்க" என்றார். பிள்ளை கிடையாது. படிக்கப் போவது அவர்தான், வயது நாற்பத்தாறு.

ஹனூர்ப் பக்கமிருந்து மைசூருக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகக் கட்டடங்களுக்குக் கம்பி மடக்குகிறார். தூண் கம்பிகளைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்குகளை, எதையும் அளக்காமல், ஆயிரமானாலும் ஒன்றுபோல் மடக்குவார். இந்த வருடம் கம்பெனி விழித்துக்கொண்டது. சான்றிதழ் உள்ளவர்தான் மேஸ்திரி, மற்றவர்கள் சுமக்கலாம். சான்றிதழுக்குத் தேர்வு, தேர்வில் மூன்று கோணம்; மூன்றும் சரியாக அளக்க வேண்டும்.

எட்டாவது வரை படித்த மனைவி சொர்ணலதா சொல்லிக்கொடுத்தாள். மையத்தை முனையில் வைப்பது இரண்டே நாளில் வந்துவிட்டது. மேலும் கீழுமாக ஓடும் இரண்டு வரிசை எண்களில் எதைப் படிப்பது என்பதுதான் வரவில்லை.

"தொண்ணூறுக்குக் கம்மின்னு கண்ணுல பாத்தாலே தெரியலைங்களா?"

"கண்ணுல பாத்துத்தான புள்ள இத்தன வருசம் மடக்குனேன். இத வச்சுப் பாத்தாத்தான் தெரிய மாட்டீங்குது."

தேர்வில் முதலிரண்டும் சரி. மூன்றாவது படம் ரிங்கின் முனையில் மடக்கும் கொக்கி. கோணமானி நாற்பத்தைந்து என்றது. அந்தக் கொக்கிக்குப் பெயரே நூற்று முப்பத்தைந்து. வழக்கம்போல் வரிசை மாறிவிட்டது என்று அடித்துத் திருத்தினார்.

தேர்வு நடத்திய இளம் பொறியாளர் கிரண் தாளைப் பார்த்தார். "ரெண்டு கோட்டுக்கு நடுவுல எவ்ளோ மேஸ்திரி?"

"நாப்பத்தஞ்சு காட்டுதுங்க சார். ஆனா நேரா இருந்த கம்பிய நூத்தி முப்பத்தஞ்சு திருப்பித்தானுங்க அங்க கொண்டாந்திருக்குது."

"சைட்ல அது கரெக்ட். நான் பேப்பர்ல கேட்டிருக்கேனே!"

கம்பி சுமக்கும் அய்யாவு ஒரு கொக்கிகூட மடக்கியதில்லை. நாற்பத்தைந்தைப் பார்த்தான், நாற்பத்தைந்து என்று எழுதினான், தேறினான்.

"சரியாப் படிச்சுப்போட்டு எதுக்குங்க மாத்துனீங்க?" என்றாள் சொர்ணலதா.

"நான் படிச்சா தப்பாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."



மறுநாள் மடக்கும் பலகை முன்னால் அய்யாவு நின்றான். "கோவிச்சுக்காதீங்கண்ணா. இதைய எதுவரைக்கும் திருப்போணும்?"

ஆறுமுகசாமி கையால் காட்டினார். அய்யாவு திருப்பினான், கம்பி தாண்டிப் போய்விட்டது. இன்னொன்றை எடுத்தான்.

"ஏய் ஹெல்பர், லாரி வந்தாச்சு!" என்று வாசலிலிருந்து யாரோ கத்தினார்கள். ஆறுமுகசாமி யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. துண்டைச் சும்மாடாகச் சுருட்டிக்கொண்டு லாரியை நோக்கி நடந்தார்.