கையுறையில் வடித்த சீமெண்ணெய்

திருத்தங்கல் அறிவியல் வாத்தியார் ராஜசிங்குக்கு எதையாவது பிரித்துப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. கடிகாரத்தைப் பிரித்தார், ரேடியோவைப் பிரித்தார். திரும்ப மாட்டுவதில்தான் கொஞ்சம் தகராறு. அறுபத்திரண்டாம் வருஷம் சீமெண்ணெயைப் பிரிக்கக் கிளம்பினார்.

எல்லாம் மனைவி தேவமணிக்காகத்தான். அவள் சுற்றுப்பட்டிகளில் பிரசவம் பார்க்கும் நர்ஸ். அரிக்கேன் விளக்குப் புகையில் வேலை பார்த்துவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு வீடு திரும்புவாள். அதைப் பார்க்க மனுஷனுக்குத் தாங்கவில்லை.

எண்ணெயில் பென்சீன் வகைச் சரக்கு கூடினால் புகையும் கூடும். மெல்லிய சவ்வு வழியே அதைக் கசியவிட்டுப் பிரிக்கலாமா என்று வெளிநாட்டில் ஆராய்வதாக ஒரு பத்திரிகையில் படித்திருந்தார். சவ்வுக்கு எங்கே போவது? தேவமணியின் பிரசவக் கையுறை ரப்பர்தானே! ஒன்றில் சீமெண்ணெயை ஊற்றி, வாயைக் கட்டி, கொடியில் தொங்கவிட்டார். புகைச்சரக்கு வெளியே கசியும், நல்ல எண்ணெய் உள்ளே நிற்கும் என்பது கணக்கு. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது. கையுறையின் விரல்கள் வாழைக்காயாக ஊதி, ஒன்று பிய்ந்தே போனது. மிஞ்சியதை விளக்கில் ஊற்றினார். அதே புகைதான்.

அன்று அந்தியில் ஆனைக்குட்டத்துச் சுடலை மாட்டுவண்டியோடு வந்து நின்றான். "அம்மா, எம் பொண்டாட்டி குருவம்மாளுக்குப் பிள்ள கால் முன்னால வருதாம். வெரசா வாங்க!"

தேவமணி பையைத் திறந்தாள். ஒற்றைக் கையுறைதான் கிடந்தது. கொடியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"கைய நல்லாக் கழுவிக்கிடுவேன். அங்கன ஒரே இருட்டு. புகையில கண்ணு தெரியாம நான் எப்பிடிப் பிள்ளைய எடுக்க?"

வாத்தியார் வீட்டிலிருந்த இரண்டு அரிக்கேனையும் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார்.

பிரசவ அறைக்குள் ஆம்பளை போகக் கூடாது. வாசலில் குத்தவைத்தார். உள்ளே ஒரு விளக்கு கரி பிடித்ததும் குருவம்மாளின் மாமியார் அய்யம்மாள் அதை வெளியே நீட்டுவாள். துடைத்து வைத்த மற்றதைக் கொடுத்தனுப்பிவிட்டு, கொதிக்கும் கண்ணாடியை வேட்டித் தலைப்பால் தேய்ப்பார். விரல் பொத்துப்போயிற்று. குருவம்மாள் கத்தும்போதெல்லாம், "ஆண்டவரே, என் கோட்டித்தனத்துக்கு அந்தப் பிள்ளையத் தண்டிச்சிராதேயும்" என்று முணுமுணுத்தார்.

ஒருவழியாகப் பிள்ளை வீறிட்டது. தாயும் பிழைத்தாள்.

தேவமணி வெளியே வந்தாள். வாத்தியாரின் வேட்டி அடுப்படித் துணியாகக் கிடந்தது. கொப்புளம் கண்ட அவர் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள்.

"புகையப் பிரிச்சுட்டீகளே," என்று சொல்லி, அந்தக் கரிவேட்டி நுனியிலேயே தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.