இரண்டு முதலாளிகளும் ஒரே குதிரையும்

பழைய குதிரைப் பந்தயப் படம் ஒன்று சென்ற வாரம் இணையத்தில் அகப்பட்டது. பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. பகையாளிகளான இரண்டு முதலாளிகள், ஆளுக்கொரு குதிரை, கைதட்ட ஏழெட்டுப் பேர், செலவு அவ்வளவுதான். உத்தமபாளையம் கொட்டகையில் இதைப் பார்த்த ஆண்டை எவ்வளவு முயன்றும் உறுதிசெய்ய முடியவில்லை. நான் மூன்றாம் வகுப்பு. பொங்கல் கழிந்திருந்தது, மாசி பிறக்கவில்லை. அதுவரை நிச்சயம்.

அப்பாவும் அம்மாவின் அண்ணனான மாமாவும் மாட்டுவண்டிப் பந்தயக்காரர்கள். தேவதானப்பட்டிப் பந்தயத்தில் யார் வண்டியை யார் ஓரங்கட்டியது என்பதில் பேச்சு முறிந்துபோனது. அந்த வருடம் அம்மாவுக்குப் பிறந்த வீட்டிலிருந்து தீபாவளிச் சீரும் வரவில்லை, பொங்கல் சீரும் வரவில்லை. பிறந்த ஊரான அனுமந்தன்பட்டிக்குப் போகும் பஸ் கடந்து போனால் வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள்.

பந்தயப் படம் என்றதும் சுற்றுவட்டாரத்தில் மாடு வைத்திருந்த அத்தனை பேரும் மதியக் காட்சிக்கு வந்துவிட்டார்கள். சினிமாவே பிடிக்காத அம்மாவும் கூடையும் கையுமாகப் பிடிவாதமாகக் கிளம்பினாள். ஆண்கள் பகுதியில் அப்பா ஒரு கோடி, மாமா மறு கோடி. அம்மாவும் நானும் பெண்கள் பக்கம்.

மாடு விலைக்குப் பிடிக்கிறவர்கள் முதலில் பார்ப்பது உடம்பிலுள்ள மயிர்ச்சுழியைத்தான். நாயகனின் குதிரையும் வில்லனின் குதிரையும் திரையில் மாறி மாறி ஓட, அப்பா எழுந்துவிட்டார்.

“ஏலே, ரெண்டும் ஒரே குதிரைடா! கழுத்துச் சுழியப் பாருங்கடா!”

மறு கோடியிலிருந்து மாமாவின் குரல் வந்தது. “நெத்தியில சுண்ணாம்பத் தடவி ஏமாத்துறான் மாப்ள!”

கொட்டகையே இருவரையும் திரும்பிப் பார்த்தது. விவகாரம் எல்லோருக்கும் தெரியும்.

“வேர்த்தா வழிஞ்சிரும், பாருங்க மச்சான்,” என்றார் அப்பா.

“படம் பாக்க வந்தீகளா, சந்தைக்கு வந்தீகளா? உக்காருங்கப்பா!” என்று யாரோ கத்தினார்.

உட்கார்ந்தார்கள், அருகருகே. பிறகு இருவரும் அந்தக் குதிரையின் பல், குளம்பு, வால் என்று அலசிய சத்தத்தில் ஒரு வசனமும் கேட்கவில்லை. எந்த முதலாளி ஜெயித்தார் என்பதே சென்ற வாரம்தான் தெரிந்தது.

படம் விட்டதும் மாமா அம்மாவிடம் வந்தார். “வீட்டுக்கு வா ஆத்தா,” என்றார். எல்லோரும் அனுமந்தன்பட்டி பஸ் ஏறினோம்.

மாமா வீட்டில் என்னைக் குளிப்பாட்டி, கூடையிலிருந்து பச்சைப் பாவாடையை எடுத்து உடுத்திவிட்டாள் அம்மா. கூடையின் அடியில் அவளுடைய சேலை, அப்பாவின் வேட்டி, அத்தைக்கு ஒரு டஜன் வளையல். எனக்குப் பிடித்த பாவாடை என்று துள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன். மதியக் காட்சிக்குக் கிளம்பியவள் மூன்று பேருக்கும் மாற்றுத்துணி எதற்கு எடுத்துவைத்தாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.