அம்மன்புரத்தை உண்டாக்கிய வீராயி அக்கா

கேகாலை ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தபோது நான் பீலித் தண்ணீர் விழுகிற கரையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். வீராயி அக்கா போய்விட்டார். தானாகப் போகவில்லை, பெற்ற மகன் அடித்துக் கொன்றான். அதை மழுப்பி எழுத எனக்கு வராது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அக்கா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் எங்களுக்குப் பக்கத்துக் காம்பராதான் அவர் வீடு. ஒரு திருவிழாவில், கசிப்புச் சாராயம் குடித்துவிட்டு வந்த என் புருஷன் என் தலையைச் சுவரில் மோதினான். எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். கரகத்தின் முன்னால் நின்ற அக்காவுக்குச் சாமி வந்தது. வேப்பிலையை எறிந்துவிட்டு விறகுக்கட்டையைத் தூக்கினார். அவன் கை முறிந்த சத்தம் மேளத்தையும் மீறிக் கேட்டது.

"பொம்பளைய அடிக்கிறவன் இல்லாத ஊரு எனக்கு வேணும்டா! கட்டிக் குடுங்கடா!" என்று ஆடினார். அம்மனே கேட்டால் யார் மறுப்பது? முறிந்த கையோடு என் புருஷன் வேறு தோட்டத்துக்கு ஓடிப்போனான்.

அப்படித்தான் அம்மன்புரம் உண்டானது. தோட்டம் கைவிட்ட ரப்பர் காட்டை வெட்டினோம். முதலில் மஞ்சள் பூசிய கல்லை வைத்தோம், பிறகுதான் குடிசைகள். எல்லாச் சாதிக்கும் ஒரே பந்தி. கசிப்பு கூடாது. கை நீட்டியவனுக்கு ஊரில் இடமில்லை. கசிப்பு விற்றவர்கள் வந்து குடிசைகளைக் கொளுத்தினார்கள். அக்கா மண்வெட்டியோடு எதிரே நின்றார். நெற்றி பிளந்து இரத்தம் ஒழுக, அவர்களைச் சிங்களத்தில் திட்டிய திட்டு இருக்கிறதே, அப்பப்பா! அவர்கள் திரும்ப வரவேயில்லை.

ஒருநாள் விறகு பிளக்கும்போது கேட்டேன். "ஏங்கக்கா, அன்னைக்கு உங்களுக்கு மெய்யாவே சாமி வந்துச்சா?"

"சாமி எங்கடி வந்துச்சு? ஆத்திரம்ல வந்துச்சு! அம்மன் சொன்னாத்தானே இவனுங்க கேப்பானுங்க."

போன வாரம் அவருடைய ஒரே மகன் குமார், குடித்துவிட்டு வந்து மனைவி புஷ்பத்தின் வாயை உடைத்தான். ஊரே அக்காவைப் பார்த்தது. மகன் என்று விட்டுக்கொடுத்தால் ஊர் அன்றோடு முடிந்தது. அக்கா ஆடவில்லை.

"பெத்தவ நான் சொல்றேன். வெளிய போடா."

அவன் உலக்கையை எடுத்து அவர் மண்டையில் போட்டான். பாவிப்பயல்! அன்றே போலீஸ் அவனைப் பிடித்துக்கொண்டுபோனது.

சாகிறதுக்கு முன்னால், ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா சொன்னார்: "எனக்கு மண்ணு போடக்கூட அவன ஊருக்குள்ள விட்டுறாதீங்க." மூச்சு வாங்கியது. பிறகு கேட்டார்: "ஜெயில்ல அவனுக்குச் சோறு குடுக்குறாங்களாடி?"

நேற்று விலங்கோடு அவனைக் கூட்டிவந்தார்கள். "பெத்த தாய்க்கு மகன் மண்ணு போட வேணாமா?" என்று பெரியவர்கள் கெஞ்சினார்கள். பெண்கள் நாங்கள் கைகோத்து வழியை மறித்தோம். புஷ்பம்தான் முதல் மண் போட்டாள். எல்லாம் முடிந்தபின் சோற்றை வாழையிலையில் கட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு நான் ரோட்டுக்குக் கொண்டுபோனேன்.

அக்கா, அவனை உள்ளே விடவில்லை. விலங்கு மாட்டிய கையால் ஒரு பருக்கை விடாமல் தின்றான். நீங்கள் நிம்மதியாகப் போங்கள்.