எண்ணெய்த் துளையில் சந்தனம்

முப்பத்தைந்து வயதில் சுடலைக்கண்ணு மறுபடி பள்ளிக்கூடப் பிள்ளையானான். கீழப்பாவூர்ப் பக்கம் மாடு பூட்டிக் கமலையில் கிணற்றுத் தண்ணீர் இறைத்துப் பிழைத்தவன். கிணற்றுக்குக் கிணறு கரண்டு மோட்டார் வந்து உட்கார்ந்ததும் மாட்டுக்கும் வேலையில்லை, மாட்டுக்காரனுக்கும் வேலையில்லை. "எந்த மிஷின் எம் பொழப்பக் கெடுத்துச்சோ, அந்த மிஷினயே படிச்சிருதேன்" என்று வீம்பாகச் சொல்லிவிட்டு, மனைவி குருவம்மாளோடு மேலகரத்தில் குடியேறினான். குற்றாலம் ரோட்டில் இருந்த நூல் மில்லில், மிஷின்களைப் பழுது பார்க்கிற பிட்டர் பிரிவில் ஒரு வருசப் பயிற்சி. ஆயுத பூசை கழிந்ததும் வேலையை நிரந்தரமாக்குவார்கள். இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். ஊரில் என்ன இருக்கிறது? மாட்டையும் விற்றாயிற்று.

அவனுக்கு வாத்தியார், ஹெட் பிட்டர் முகம்மது மீரான். வயது இருபத்தாறு. "அண்ணாச்சி" என்று மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டே வாங்கு வாங்கென்று வாங்குவான். "அண்ணாச்சி, போல்ட்ட என்ன மாட்டுக் கயிறுன்னு நெனச்சியளா, இந்த இழுப்பு இழுக்கிய?" சுடலைக்கண்ணு பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொள்வான். வீட்டுக்கு வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் பாடம் ஒப்பிப்பான். சாரல் காலத்தில் பெல்ட் ஏன் வழுக்குகிறது, பேரிங் சூடேறினால் தொட்ட கைக்கு எப்படித் தெரியும், எல்லாம் குருவம்மாள் கேட்டாக வேண்டும். அவளுக்கு அதில் பாதி புரியாது. ஒன்று மட்டும் அவளுக்கே மனப்பாடமாகிவிட்டது: சுவிட்ச் போடும் முன் பேரிங் தலையிலுள்ள துளையில் எண்ணெய் விட வேண்டும். பேரிங் எது, அதற்குத் தலை எது என்பதெல்லாம் அவள் கண்டாளா?

ஆயுத பூசையன்று குடும்பத்தோடு மில்லுக்குள் வரலாம். சுடலைக்கண்ணு அவளைக் கூட்டிப்போய் ஒரு வரிசை மிஷின்களைக் காட்டி, "இதெல்லாம் எம் பொறுப்பு" என்றான். சொந்த வயலைக் காட்டுகிற மிதப்பு. அவளுக்கும் பெருமை தாங்கவில்லை. கிண்ணத்துச் சந்தனத்தைக் குழைத்து மிஷினுக்கு மிஷின் பொட்டு வைத்துக்கொண்டே போனாள். கடைசி மிஷினில் கிண்ணத்தை வழித்து, மிச்சத்தையெல்லாம் உருண்டையாகத் திரண்டிருந்த ஓரிடத்தில் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தாள்.

விடுமுறை முடிந்து மில் ஓடிய முதல் நாள், சுடலைக்கண்ணு செத்த முகத்தோடு வந்தான்.

"ஒரு பேரிங்குக்கு எண்ணெய் விட மறந்துட்டேன். கரிஞ்சு போச்சு. நாளைக்கு முடிவு சொல்லுதாவளாம்."

இந்த மனுசனாவது எண்ணெயை மறப்பதாவது! அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. காலையில் அவன் கிளம்பிய பிறகு, அதே மில்லில் வேறு ஷிப்டு பார்க்கிற பக்கத்து வீட்டுப் பேராச்சி வந்து விசயத்தை உடைத்தாள். "மறதியா? ஏட்டி, எண்ணெ ஓட்டைய அடைச்சுச் சந்தனம் காஞ்சு கெடந்துச்சாம்!"

குருவம்மாளுக்குக் கடைசி மிஷினில் கிண்ணத்தை வழித்து அப்பியது நினைவுக்கு வந்தது. அடுப்பில் கிடந்த உலையை இறக்கி வைத்துவிட்டு மில்லுக்கு ஓடினாள். கேட்டில் நின்று மீரானைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"தம்பி, அந்தச் சந்தனம் நான் வச்சது. அவியளுக்கு ஒண்ணும் தெரியாது. அவிய வேலையக் கெடுத்துராதிய."

"அவருக்கா தெரியாது?" மீரான் தலையில் அடித்துக்கொண்டான். "எண்ணெக் கேனும் கையுமா அது முன்னால போயி நின்னிருக்காரு மைனி. 'எம் பொஞ்சாதி வச்ச பொட்டு, அழிக்க மனசு வரல, ஒரு நாள் ஓடிரும்னு விட்டுட்டேன்'னு எங்கிட்டயே சொல்லுதாரு. ஒரு வருசமாத் தொண்ட வத்தக் கத்தியிருக்கேன்! வீட்டுக்கு அனுப்பிரணும்னுதான் இருந்தேன். கையெடுத்துக் கும்பிட்டாரு. வேலயக் கேக்கப் போறாருன்னு பாத்தா, 'குருவம்மாளுக்கு மட்டும் தெரிய வேண்டாம் மேஸ்திரி, அவ தாங்க மாட்டா'ங்காரு. நான் என்னத்தச் சொல்ல? தை வரைக்கும் பழகட்டும்னு மேனேஜர்ட்ட பேசியிருக்கேன். நான் சொன்னதாக் காட்டிக்காதிய."

குருவம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கலியாணமான நாள் முதல், அவள் வைத்த குழம்பைக்கூட நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை அந்த மனுசன். கேட்டு வாசல் என்றும் பாராமல் அழுது தீர்த்தாள்.

சாயங்காலம் அவன் வந்தான். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"தை வரைக்கும் பழகணுமாம். மறந்த குத்தத்துக்கு."

"பழகுனாப் போச்சு. இனிமே மறக்காதிய."

அப்போதுதான் அவள் வீங்கிய கண்ணைப் பார்த்தான். "ஏட்டி, எதுக்கு அழுத?"

"சும்மாதான்."

அவன் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நகக்கண்ணில் ஏறியிருந்த எண்ணெய்க் கறுப்பை முந்தானை நுனியால் துடைக்கத் தொடங்கினாள். அது லேசில் போகிற கறுப்பில்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும். அவன் கையை எடுக்கவில்லை.