எலுமிச்சம்பழம் செருகிய விரல்

நகச்சுற்று வந்தால் எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு விரலைச் செருகிக்கொள்வது எங்கள் வீட்டு வைத்தியம். அதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. அந்தப் பழத்தைக் கழற்றி ஜன்னலோரம் வைத்துவிட்டு, சீழ் கட்டிய அதே விரலால் நாற்பது பேர் தின்னப்போகும் கோழியைப் பிய்த்துப் போட்டாளே என் அத்தை, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் அடிவயிறு பற்றி எரிகிறது. அத்தையை அவள் இவள் என்று எழுதுகிறேன். எழுதினால் என்ன? மரியாதை கொடுக்க வேண்டிய இடத்தில் அவள் யாருக்குக் கொடுத்தாள்?

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறுவருஷம். மலாக்காவில் காஜா பேராங் பக்கம் எங்கள் வீடு. அம்மா போன பிறகு அப்பாவின் அக்காதான் அந்த வீட்டுக்கு ராணி. நான் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சியில் இருந்தேன், இரண்டாம் வருஷம். அண்ணனுக்குத் தலைப்பிள்ளை பிறந்து முப்பதாம் நாள் விருந்து. அண்ணனோடு வேலை பார்க்கும் மலாய்க்காரர்களும் சீனர்களும் வருகிறார்கள் என்று, தெருமுனையில் தினமும் காலையில் மேசை போட்டு நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்கும் அம்மாளிடம் சமையலை ஒப்படைத்தார்கள். மலாக்கா செட்டி குடும்பம். மலாய்க்காரிகள்போல் கெபாயாச் சட்டை போடுவார், திருநீறு பூசுவார், பேச்செல்லாம் மலாய்தான். சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் மக்சிக், மலாயில் சின்னம்மா.

மக்சிக் முதல்நாள் சாயங்காலமே மிளகாய் அரைத்துவிட்ட கோழி சம்பால் குழம்பைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். யாரும் கை வைக்க வேண்டாம், காலையில் நானே வந்து சுடவைத்துச் சோறும் ஆக்குகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததுதான் தாமதம், அத்தை மூடியைத் திறந்தாள். துண்டுகள் பெரிசு பெரிசாக இருக்கிறதாம், வருகிற கூட்டத்துக்குப் பற்றாதாம். எலும்பை நீக்கிக் கையாலேயே பிய்த்துப் பிய்த்துக் குழம்பில் போட்டாள். எலுமிச்சம்பழம் ஜன்னலோரம் கிடந்தது. கரண்டியால் செய்யலாமே, விரலில் சீழ் இருக்கிறதே என்றேன்.

"ஆஸ்பத்திரில போயி சட்டம் பேசு. காலைல தளதளன்னு கொதிக்க வெச்சா எந்தக் கிருமி உசுரோட இருக்கும்?"

கிருமி உயிரோடு இருக்காது. அத்தை சொன்னது வாஸ்தவம். நானும் சரிதான் என்று போய்விட்டேன். இத்தனைக்கும் அந்தப் பாடம் என் நோட்டில் இருந்தது. பரீட்சையில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன். சீழில் இருக்கும் அந்தக் கிருமி, வெதுவெதுப்பான குழம்பில் ராத்திரி முழுக்கக் கிடந்தால் பெருகிக்கொண்டே நஞ்சைக் கக்கும். காலையில் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நஞ்சு சாகாது. காலராக் கிருமியாவது குடலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டுதான் நஞ்சை விடும். உடம்புத் தண்ணீரெல்லாம் குழாய் திறந்ததுபோல் குடலுக்குள் கொட்டி வெளியேறும். இந்தச் சீழ்க் கிருமிக்கு வயிற்றுக்குள் வர வேண்டிய அவசியமே இல்லை. சட்டியிலேயே வேலையை முடித்துவிட்டுச் செத்துப்போகும். மிச்சத்தை நஞ்சு பார்த்துக்கொள்ளும். குடலில் உள்ள நரம்பை அது சீண்டும், நரம்பு மூளைக்குச் சொல்லும், மூளை வாந்தி எடு என்று உத்தரவு போடும். இவ்வளவும் மனப்பாடம். பாடத்தில் வந்த விரலும் என் வீட்டு விரலும் ஒன்றுதான் என்று மட்டும் என் மரமண்டையில் ஏறவில்லை.

மத்தியானம் சாப்பிட்டோம். மூன்று மணிக்குள் வீடு நாறிவிட்டது. கொல்லையில், சாக்கடையோரம், வாசலில் நின்ற சைக்கிளைப் பிடித்துக்கொண்டு என்று ஆளாளுக்கு வாந்தி. அண்ணிக்குப் பிள்ளையைத் தூக்கக்கூடத் தெம்பில்லை. நானும் எடுத்தேன், அத்தையும் எடுத்தாள். அவளும் எடுத்ததுதான் வினையாகப் போயிற்று. தானே கெடுத்ததைத் தானே தின்பாளா என்று எல்லாரும் நம்பினார்கள். மறுநாள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அந்த நஞ்சு அப்படித்தான், வந்த வேகத்தில் போய்விடும். உட்கார்ந்ததும் அத்தை திறந்த வாயில் வந்த முதல் வார்த்தை, சந்தாவ்.

சந்தாவ் என்றால் சாப்பாட்டில் வைக்கிற செய்வினை. கண்ணாடித் தூளும் மூங்கில் சுணையும் கலந்து மந்திரித்துப் போடுவார்கள் என்பது இங்கே எல்லா இனத்தாருக்கும் தெரிந்த பேச்சு. பிள்ளைமேல் பொறாமைப்பட்டு மக்சிக் வைத்துவிட்டார் என்று அத்தை வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். செமாபோக் பக்கம் இருந்த எங்கள் சொந்தக்காரர்கள் வரைக்கும் சேதி போயிற்று. மேசைக்கு ஆள் வருவது நின்றது. மக்சிக் மட்டும் தினமும் விடிந்ததும் வாழையிலைப் பொட்டலங்களை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெயில் ஏறியதும் அப்படியே திருப்பித் தூக்கிக்கொண்டு போவார். புருஷன் இல்லாதவர். அந்த மேசைதான் அவருக்குச் சோறு.

சட்டியைக் கழுவுமுன் மிச்சக் குழம்பில் கொஞ்சம் சீசாவில் எடுத்து வைத்திருந்தேன். கட்டுப் போடுகிறேன் என்று சொல்லி அத்தையின் விரல் சீழையும் பஞ்சில் எடுத்தேன். ஆமாம், ஏமாற்றித்தான் எடுத்தேன். இரண்டையும் ஆஸ்பத்திரி லேப்பில் கொடுத்தேன். குழம்பிலிருந்து எதுவும் வளரவில்லை. ஆனால் மைக்ராஸ்கோப்பில் செத்த கிருமிகள் திராட்சைக் கொத்துபோல் கிடந்தன. விரல் சீழில் அதே கொத்து உயிரோடு வளர்ந்தது. கண்ணாடித் தூள் இல்லை, மூங்கில் சுணை இல்லை. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள்.

தாளை அப்பாவிடம் நீட்டினேன். இரண்டு தடவை வாசித்தார். மடித்து அலமாரி டிராயரில் வைத்தார்.

"இது வெளிய போச்சுன்னா நாளையிலேருந்து நீ ஆஸ்பத்திரிக்குப் போக வேணாம். எங்கக்கா மானத்த சந்தி சிரிக்க வெக்காத."

மக்சிக்கின் மானம் சந்தி சிரித்துக்கொண்டுதான் இருந்தது. அது அப்பாவுக்குக் கேட்கவில்லை. எனக்கு? எனக்கு நர்ஸ் உடுப்பு வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டேன். மூன்று வாரம். தினமும் அந்த மேசையைத் தாண்டித்தான் சைக்கிளில் போனேன். மக்சிக் என்னை நிமிர்ந்து பார்ப்பார். நான் பார்க்காததுபோல் மணியை அடித்துக்கொண்டு போவேன். எழுதும்போது கை கூசுகிறது.

நான்காவது வாரம் ஒரு காலையில் தாங்க முடியாமல் சைக்கிளை நிறுத்தினேன். வெள்ளை உடுப்போடு அந்த மேசையில் உட்கார்ந்து நாலு பேர் பார்க்கத் தின்றுவிட்டால் சந்தேகம் போய்விடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். எவ்வளவு சுலபமான வழி பாருங்கள். அத்தையையும் சொல்ல வேண்டாம், அப்பாவையும் பகைக்க வேண்டாம். ஒரு பொட்டலம் கேட்டேன். மக்சிக் தட்டின்மேல் துணியை இழுத்து மூடினார். மலாயில் மெதுவாகத்தான் சொன்னார்.

"உனக்கு விற்க மாட்டேன். நாளைக்கு உனக்கு வயிறு வலித்தால் மறுபடியும் என்னைத்தான் சொல்வார்கள்."

நேராக வீட்டுக்குத் திரும்பினேன். அப்பா டீ குடித்துக்கொண்டிருக்க, அவர் கண் முன்னாலேயே டிராயரை இழுத்துத் தாளை எடுத்தேன். அவர் அதட்டியது பின்னாலிருந்து கேட்டது. எதிர்க் காப்பிக்கடையில் பொதுப்பணி ஆட்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மக்சிக்கின் மேசைக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு வரியையும் மலாயில் உரக்கச் சொன்னேன். என் அத்தையின் விரல் என்பதையும் சொன்னேன். பயம் பாதி, மூன்று வாரமாக அடக்கிய ஆத்திரம் பாதி.

மக்சிக் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"இது எத்தனை நாளாக உன்னிடம் இருக்கிறது?"

மூன்று வாரம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். தாளை மேசையில் விரித்து, பறக்காமல் இருக்க ஒரு பொட்டலத்தை அதன்மேல் வைத்தார்.

அப்பா என்னை ஆஸ்பத்திரியிலிருந்து நிறுத்தவில்லை. ஊருக்கே தெரிந்த பிறகு நிறுத்தி என்ன பிரயோஜனம்? அத்தை சாகும்வரை என்னோடு பேசவில்லை. மேசைக்கு ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். நானும் மறு வாரம் போய்க் கேட்டேன், அடுத்த மாதமும் கேட்டேன். எல்லாருக்கும் விற்ற மக்சிக், என்னைக் கண்டால் மட்டும் தட்டின்மேல் துணியை இழுத்து மூடினார். பத்து வருஷம் அந்த வழியாகவே வேலைக்குப் போனேன். பத்து வருஷமும் மூடினார். அத்தைமேல் கோபம் இருக்கிறது, அப்பாமேல் இருக்கிறது. மக்சிக்மேல் கோபப்பட மட்டும் எனக்கு வாய் இல்லை.