முன்சக்கரம் ஒரு இஞ்ச் பின்னால் போனது

1. போன்

காலை பத்தரை மணி இருக்கும். வெங்கட்ராமன் சாரின் மனைவி சாந்தா அம்மா போன் செய்தார். "முருகேசன், வாடிப்பட்டிக்குப் பக்கத்துல வண்டி வாய்க்கால்ல இறங்கிருச்சு. ஸ்டியரிங் திரும்பவே மாட்டேங்குது. அவருக்கு நெத்தியில அடி" என்றார். குரலில் பதற்றம் இல்லை. பதறியது நான்தான். அந்த வண்டி முந்தைய நாள்தான் என் பட்டறையிலிருந்து போயிருந்தது.

ஆனையூரில் பட்டறை வைத்து இருபத்தாறு வருடம் ஆகிறது. ஸ்பிரிங், ஆக்சில், ஸ்டியரிங் இவைதான் என் வேலை. என் அப்பாவும் அம்மாவும் மேலூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அதனாலோ என்னவோ, 'முருகேசன் கை வச்சா சரியா இருக்கும்' என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரும். இப்போது நடந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

2. வேலை

வெங்கட்ராமன் சாருக்கு நகரத்தில் சாயப்பட்டறை. சௌராஷ்டிரா குடும்பம். அறுபது வருடத்துக்கும் மேல் பழசான பெட்ரோல் பிக்கப் ஒன்று வைத்திருந்தார். நூல் மூட்டை ஏற்றிய வண்டி. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனபிறகு அவரால் அதில் ஏற முடியவில்லை. காலை அந்த உயரத்துக்குத் தூக்க வராது.

"படிக்கட்டு வைக்கலாமே சார்" என்றேன்.

"வச்சுப் பாத்தாச்சு. ஒத்தக்கால்ல நிக்கணும், அதுவும் முடியல" என்றார்.

சாந்தா அம்மா குறுக்கிட்டார்: "நான் பின்னாலருந்து தள்ளித்தான் ஏத்துறேன். நாலு பேர் பாக்குறாங்க. அவரே ஏறணும் முருகேசன். வண்டிய இறக்கிக் குடுங்க."

நாலு இஞ்ச் இறக்குவதாக முடிவானது. முன்பக்கம் லீஃப் ஸ்பிரிங், அதாவது வில் மாதிரி வளைந்த பட்டைகளின் அடுக்கு. இரண்டு பட்டையை எடுத்துவிட்டு, மீதியின் வளைவைக் குறைத்தால் வண்டி இறங்கும். வில்லை நிமிர்த்தினால் அதன் நீளம் கூடும். பட்டையின் முன்முனை வண்டிச் சட்டத்தில் ஆணி போட்டு இறுக்கியது, நகராது. கூடுகிற நீளமெல்லாம் பின்னால்தான் போகும். பட்டையோடு ஆக்சிலும், ஆக்சிலோடு சக்கரமும் பின்னால் போகும். இது எனக்குத் தெரியாதது அல்ல.

ஆனால் நான் சக்கரத்தைப் பார்த்தது வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தபோது. சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் பட்டை மறுபடி வளைந்து, சக்கரத்தை முன்னால் இழுத்துக்கொள்ளும். மட்கார்டு வளைவுக்கு நட்டநடுவில் சக்கரம் அழகாக நின்றது. டேப் வைத்துப் பார்த்து, பட்டையை ஆக்சிலோடு பிணைக்கிற யூ போல்ட்டை முறுக்கிவிட்டேன்.

வண்டியைத் தரையில் இறக்கியதும் வெல்டர் செல்வம் பார்த்தான். என்னோடு பதினைந்து வருடம் வேலை பார்ப்பவன்.

"அண்ணே, வீல் பின்னாடி போய் நிக்குதுண்ணே."

"கண்ணுக்கு அப்பிடித்தான் தெரியும் மாப்ள. இறக்குனா வளைவு ஏமாத்தும்."

"அளந்து பாத்துருவமாண்ணே?"

"அம்புட்டும் அளந்தாச்சுடா" என்றேன்.

சாரும் அம்மாவும் அப்போது பட்டறையில்தான் இருந்தார்கள். அவர்கள் முன்னால் இன்னொருவன் என் வேலையில் குறை சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. வண்டியைப் பட்டறைக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். எங்கும் உரசவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டேன்.

3. வாய்க்கால்

மறுநாள் வாடிப்பட்டியில் அவர்கள் சொந்தக்காரர் வீட்டுப் பால்காய்ப்பு. சாந்தா அம்மாதான் ஓட்டியிருக்கிறார். பாதை தப்பி, திரும்புவதற்காக ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தபோது முன்சக்கரம் தார் ரோட்டிலிருந்து மண்ணில் இறங்கியது. பட்டை அமுங்கி, டயர் மட்கார்டின் பின்விளிம்பில் சிக்கிக்கொண்டது. ஸ்டியரிங் நேராக வரவில்லை. வண்டி மெதுவாக அப்படியே வாய்க்காலுக்குள் மூக்கை நீட்டிவிட்டது.

நானும் செல்வமும் போய்ச் சேர்ந்தபோது சாருக்கு ஆஸ்பத்திரியில் மூன்று தையல் போட்டு, வாய்க்கால் கரையில் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். வயலில் வேலை செய்த பெண்கள்தான் அவரைத் தூக்கி மேலே கொண்டு வந்திருக்கிறார்கள். வேட்டி முழுக்கச் சேறு. யாரும் தூக்காமல் அவர் ஏற வேண்டும் என்றுதான் வண்டியையே இறக்கச் சொன்னார்கள்.

டயரைப் பார்த்தேன். கத்தியால் கிழித்த மாதிரி ஒரு கோடு. டேப்பை எடுத்து அளந்தேன். சக்கரம் ஒரு இஞ்ச்சுக்குக் கொஞ்சம் மேலேயே பின்னால் இருந்தது.

வண்டி பழசு, மண் இறக்கம், பள்ளம் என்று சொல்லியிருக்கலாம். அவர்களும் நம்பியிருப்பார்கள். "சார், தப்பு என்னோடது. வண்டிய தரையில வச்சு அளக்கல. செல்வம் சொன்னான், நான் கேக்கல" என்றேன்.

அவர்கள் இருவரும் தங்கள் பாஷையில் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு சார் கேட்டார்:

"அளந்து பாக்க எம்புட்டு நேரம் ஆகியிருக்கும்?"

"அரை மணி நேரம் சார்."

"நாங்க அங்கதானப்பா காப்பி குடிச்சிட்டு உக்காந்திருந்தோம். ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னொரு காப்பி குடிச்சிருப்போம்."

அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

4. மறுபடி

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து மறுபடி பிரித்தோம். பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் வைக்கப் புதுத் தகடு வெட்டி, துளையைத் தள்ளிப் போட்டு, ஆக்சிலை முன்னால் கொண்டுவந்தோம். நட்டநடுவுக்கும் அரை விரல் முன்னால் நிறுத்தினோம். பிரேக் பிடித்தாலும் பள்ளத்தில் இறங்கினாலும் சக்கரம் பின்னால்தான் போகும், அதற்கான இடம் அது. ஸ்டியரிங் ராடையும் அதற்கேற்ப மாற்றினோம். இந்த முறை வண்டி தரையில் நின்றது. பின்னால் நூல் மூட்டை, முன்சீட்டில் சாரும் அம்மாவும். ஒரு சக்கரத்தைக் கட்டை மேல் ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்தோம். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் செல்வத்தின் மூன்று விரல் தாராளமாக நுழைந்தது.

அளப்பதற்காகச் சார் வண்டியில் ஏறியபோது யாரும் கை கொடுக்கவில்லை. கதவைப் பிடித்தார், ஒரு காலை உள்ளே வைத்தார், உட்கார்ந்தார். சாந்தா அம்மா அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வண்டி எப்படி ஓடுமோ அப்படி நிறுத்தி, ஏறுகிறவர்களை ஏற்றிவைத்து, பிறகு அளங்கள். தொங்குகிற சக்கரம் பொய் சொல்லும்.

இன்னொன்றும் உண்டு. இப்போதெல்லாம் செல்வம் எதையாவது சந்தேகமாகச் சொன்னால், கஸ்டமர் எதிரிலேயே "வாடா, அளப்போம்" என்கிறேன். பாதி நேரம் அவன் சொல்வது தப்பாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அளக்கிறேன்.